ஜவ்வாது மலையில் ஏரிப் பக்கம் கூடாரம்: வேலூரை விட்டுக் கிளம்பும் முன்னே முடிக்க வேண்டிய வேலைகள்

ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்று யார் சொன்னாலும் நாங்கள் முதலில் கேட்பது: யாருடைய நிலத்தில்? இதற்குப் பதில் இல்லாமல் கூடாரமும் அடுப்பும் வாங்கி வைத்துப் பயனில்லை.

மலைமேல் இருக்கும் ஊரான ஜமுனாமரத்தூரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியும் பச்சையில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் போவதே குற்றம், இரவு தங்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. காட்டுக்குள் நடக்க வேண்டுமானால் வனத்துறையே வழிகாட்டியோடு அழைத்துப் போகும் பாதைகளில் முன்பதிவு செய்து நடந்துவிட்டு, இரவுக்கு வெளியே வந்துவிடுங்கள். ஏரிக்கரையும் தங்குகிற இடமல்ல. மாடு ஓட்டிப் போகிற வழி அது. தண்ணீர் ஏறி இறங்கும் நிலமும் அப்படித்தான்.

மிஞ்சுவது பட்டா நிலம். கோமுட்டேரி பக்கமாகப் போய் ஏரிக்கு அருகில் உள்ள கொல்லைக்காரரிடம் நேரில் பேசுவதுதான் சரியான வழி. இரண்டு வாரம் முன்னதாக ஒருமுறை பகலில் போய்ப் பாருங்கள். கேட்க வேண்டியவை: நிலம் எதிலிருந்து எதுவரை, காப்புக்காட்டு எல்லைக்கல் எந்தப் பக்கம், கிணறோ குழாயோ உண்டா, கழிப்பறை உண்டா, வண்டி நிறுத்த இடம் எது, இரவில் பக்கத்தில் யார் இருப்பார்கள். பணத்தையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். அந்த மலையே அங்குள்ளவர்களின் வீடு, அவர்கள் சொல்லும் இடத்தில் தங்குவதுதான் முறை. அதோடு உங்கள் பெயர், ஆதார் நகல், வண்டி எண், தேதி எழுதிய தாள் ஒன்றை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துத் தகவல் சொல்லிவிடுங்கள். சந்தன மரங்கள் உள்ள மலை, சோதனைச் சாவடியில் கேள்வி வரும். பதில் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

இதற்குப் பதிலாகச் சிலர் ஏலகிரியைச் சொல்வார்கள். 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் புங்கனூர் ஏரி, படகு, விடுதிகள். முதல்முறை தங்குபவர்களுக்கு, குழந்தைகளோடு வருபவர்களுக்கு அது போதும். ஆனால் காட்டு அமைதி அங்கே கிடைக்காது. குடியாத்தம் பக்கம் மோர்தானா அணையைச் சுற்றி இரவு தங்குவதை நினைக்கவே வேண்டாம், ஆந்திர எல்லையில் உள்ள கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் நடமாடும் பகுதி அது.

காலம் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய. அதற்கு முன் வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரிக்குப் பிறகு புல் காய்ந்து தீக்காலம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சாயங்கால இடிமழை, வட ஆற்காட்டுக்கு அதுவும் நல்ல மழைக்காலம்தான். டிசம்பரில் இன்னொரு வசதி, சாமை அறுத்து முடித்த கொல்லைகள் காலியாக இருக்கும். அமாவாசையை ஒட்டிப் போனால் வானத்தில் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். இதே மலையில் காவலூர் வானாய்வு மையத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்திருப்பது இந்த இருட்டை நம்பித்தான். ஆகவே பெரிய ஃபோகஸ் விளக்குகள் வேண்டாம். தலையில் மாட்டும் டார்ச்சில் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டினால் கண்ணும் கூசாது.

கூடாரம் போடும் இடம் தண்ணீரிலிருந்து குறைந்தது எண்பது தப்படி தள்ளி, நான்கைந்து அடி மேட்டில் இருக்கட்டும். பலர் ஏரியைப் பார்த்தபடி படுக்க ஆசைப்பட்டு விளிம்பில் போடுகிறார்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தேங்கும், ஏரியின் ஈரமும் அங்கேதான் தங்கும். காலையில் கூடாரத்தின் உள்துணியில் விரல் வைத்தால் தண்ணீர் கோடாக ஓடும். ஒழுகுகிறது என்று நினைத்து மறுநாள் எல்லா ஜன்னலையும் இழுத்து மூடுவார்கள், இன்னும் மோசமாகும். உள்ளே படுத்தவர்கள் விட்ட மூச்சுதான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. மேல்வலையைத் திறந்தே வையுங்கள். 'நான்கு பேர்' என்று எழுதியிருக்கும் கூடாரத்தில் மூன்று பேர்தான் நிம்மதியாகப் படுக்கலாம்.

சாமை அறுத்த தாள் ஊசிபோல் நிற்கும், கூடாரத்தின் அடித்துணியைக் குத்திவிடும். காலால் மிதித்துச் சாய்த்து, மேலே கோணியோ வைக்கோலோ பரப்பி, பிறகு தார்ப்பாய். தார்ப்பாயின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நாலு பக்கமும் அரை ஜாண் உள்ளே மடியுங்கள். நீட்டியிருந்தால் மழைத்தண்ணீரை அதுவே வாங்கி அடியில் கொண்டுவந்து விடும்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகளை நம்பாதீர்கள். மழை நின்று காய்ந்த செம்மண், ஒரு ஜாண் கீழே கல். முளை வளைந்துபோகும். இரும்புக் கடையில் 8 மி.மீ. கம்பியை ஓரடித் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைக் கூர்செய்து, மறுமுனையைக் கொக்கியாக வளைத்து வாங்குங்கள். பத்து முளை சேர்ந்து ஒன்றேகால் கிலோதான் வரும். மாடு கட்டும் முளையை அடிப்பதுபோல், தலைப்பக்கம் கூடாரத்தை விட்டு விலகிச் சாயும்படி அடிக்க வேண்டும். நேராக அடித்தால் ஒரு காற்றில் பிடுங்கிக்கொண்டு வரும். கல் தட்டி இறங்கவே இல்லையென்றால், தேங்காயைவிடப் பெரிய கல்லில் கயிற்றைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் இன்னொரு கல்.

நான்கு பேர், இரண்டு இரவு என்று வைத்துக்கொண்டால் குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு சரியாக இருக்கும். ஏரித்தண்ணீர் கைகால் கழுவ மட்டும். வேறு வழியில்லாமல் குடிப்பதானால் வேட்டித்துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

விறகுத்தீ வேண்டாம். 230 கிராம் கேஸ் டப்பா அடுப்பு போதும். சிக்கனமாகச் சமைத்தால் இரண்டு டப்பா, கைவசம் ஒன்று. விடியற்காலைக் குளிரில் வாயு அழுத்தம் குறைந்து தீ சோம்பும். டப்பாவைச் சுட வைக்காதீர்கள், இரவில் போர்வையில் சுற்றி வைத்தாலே போதும். காற்றுத் தடுப்புத் தகடு தீயை மறைக்கலாம், டப்பாவையும் சேர்த்து மூடினால் சூடேறி வெடிக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 97, 98 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் அரிசி வேக நேரமாகும். அரைமணி ஊறப்போட்டால் கேஸ் மிச்சம். அதைவிடச் சாமை நல்லது: மலையிலேயே கிடைக்கும், ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர், சீக்கிரம் வெந்துவிடும். மிச்சச் சாப்பாடு, எண்ணெய்ப் பாத்திரம், குப்பைமூட்டை எல்லாம் வண்டிக்குள் போய்விட வேண்டும். கரடி உள்ள மலை.

வேலூரிலிருந்து அமிர்தி வழியாகவோ போளூர் வழியாகவோ ஏறலாம். வாணியம்பாடி பக்கத்துக்காரர்களுக்கு ஆலங்காயம், காவலூர் வழி. பெட்ரோல் கீழேயே நிரப்பிக்கொண்டு, நான்கு மணிக்கு முன் மேலே சேர்ந்துவிடுங்கள். போன் சிக்னலை நம்பக் கூடாது, வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை இல்லாத இடமானால் ஒரு களைக்கொத்து, தண்ணீரை விட்டு விலகி ஒரு ஜாண் குழி, பிறகு மண் மூடல்.

கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களின் படுக்கைக்குள் வரும் பாம்பு, கடித்தது வலிக்காமலும் போகலாம். உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் ஜிப் முழுக்க மூடியிருக்க வேண்டும், செருப்பை உதறிப் போட வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் கூடாது. அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். அது எங்கே என்று பகலில் இடம் பார்க்கப் போகும்போதே விசாரித்து வையுங்கள்.

இதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல், டாக்டர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். வேலூர் வட்டாரத்தில் இது புதிதல்ல, குளிர்மாதங்களில்தான் அதிகம், அதாவது நாம் கூடாரம் போடும் அதே மாதங்களில். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. முழுக்கால் பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகுங்கள், கொசுவிரட்டிக் களிம்பைக் கணுக்காலிலும் இடுப்பிலும் தடவுங்கள், வெறும் புல்லில் உட்காராமல் பாய் விரியுங்கள். துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள். வீடு வந்ததும் போட்டிருந்தது அத்தனையும் சோப்பு போட்டுத் துவைத்து, சோப்பு தேய்த்துக் குளியுங்கள். கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்துப் பொருக்கு கட்டும், வலிக்காது, அக்குளிலோ தொடையிடுக்கிலோ மறைந்தே இருக்கும். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய், ஜவ்வாது மலையில் தரையில் படுத்துவிட்டு வந்தோம் என்பதை முதலில் சொல்லுங்கள். கறுப்புப் பொருக்கைக் காட்டினால் அவர் கண்டுபிடித்துவிடுவார், அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மருந்தே கேட்கும்.