ஜாப் கார்டுக்கு பின்னாடி வரைஞ்ச டிராயிங்

கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில ஆர் அண்ட் டில இருந்தப்ப நடந்தது இது. போர்வெல் மோட்டார்ல மணல் புகுந்து பேரிங் தேயுதுனு மாசாமாசம் கம்ப்ளைன்ட் வரும். மணலை உள்ள விடாம தடுக்கற சேண்ட் கார்டுங்கற ரப்பர் பார்ட்டோட உதட்டை கொஞ்சம் சாய்ச்சு பாத்தா என்னனு ஒரு நாள் டீ டைம்ல தோணுச்சு, கையில பேப்பர் இல்ல, வேலை விவரம் எழுதற ஜாப் கார்டுக்கு பின்னாடியே வரைஞ்சு, அதை அப்படியே மோல்டு பண்ற வெண்டார்கிட்ட காட்டி நாலு பீஸ் வாங்கி, டெஸ்ட் டேங்க்ல ஓட்டி, நல்லா வந்துச்சுனு எல்லாரும் கை குடுத்துக்கிட்டோம். அதோட சரி.

ரெண்டு வருஷம் கழிச்சு பேட்டன்ட் ஜர்னல்ல அதே உதடு, அதே சாய்வு, வேற பேர்ல.

வக்கீல் கேட்டதெல்லாம் சின்ன கேள்விதான். எப்ப வரைஞ்சீங்க, யார்கிட்ட எந்த தேதில காட்டுனீங்க? ஜாப் கார்டு பழைய பேப்பரோட எடைக்கு போயிருச்சு. ஆட்டோகேட் ஃபைல் இருந்துச்சு, ஆனா கம்ப்யூட்டர் மாத்தும்போது காப்பி பண்ணதுல எல்லா ஃபைலுக்கும் ஒரே தேதி. டெலிவரி சலான்ல "ரப்பர் பார்ட் - 4"னு மட்டும். பேட்டர்ன் ஷாப் அண்ணன், "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க தம்பி, எங்க வேணாலும் வந்து சொல்றேனுங்க"ன்னார். பாவம், அவர் ஞாபகத்தை எந்த ஃபைல்ல வெக்கறது.

நம்ம நாட்டுல முதல்ல ஃபைல் பண்றவங்களுக்குத்தானே பேட்டன்ட், செஞ்சதை தேதி போட்டு எழுதி வெக்கற நோட்டு எதுக்குனு சிலர் கேப்பாங்க. அமெரிக்காவும் 2013 மார்ச்சுல அந்த முறைக்கு மாறிருச்சு. உண்மைதான், நோட்டு உங்களுக்கு முன்தேதி வாங்கி குடுக்காது. ஆனா என்கிட்ட இருந்து எடுத்துட்டு போனதுனு பேட்டன்ட் சட்டம் பிரிவு 25ல எதிர்க்கணும்னா, நான் காட்டுன தேதிக்கு எழுத்துல ஆதாரம் வேணுமே.

வெறும் நோட்டும் போதாதுங்கறதுக்கு லேசரை யோசிச்சவங்கள்ல ஒருத்தரான கோர்டன் கூல்டு கதை இருக்கு. 1957 நவம்பர்ல நோட்டுல எழுதி, நியூயார்க்ல ஒரு மிட்டாய்க் கடைக்காரர் நோட்டரியாவும் இருந்ததால அவர்கிட்டயே முத்திரை வாங்கி வெச்சவர். செஞ்சு காட்டுனாத்தான் பேட்டன்ட்னு தப்பா நெனச்சு 1959 வரைக்கும் ஃபைல் பண்ணல, அதுக்குள்ள டவுன்ஸ், ஷாலோனு ரெண்டு விஞ்ஞானிங்க லேசருக்கு 1958லயே ஃபைல் பண்ணிட்டாங்க. இவருக்கு முதல் லேசர் பேட்டன்ட் கிடைச்சப்ப வருஷம் 1977.

இப்ப நான் இருக்கற எடத்துல பைண்டு நோட்டுதான், ஸ்பைரல் ஆகாது, தாளை உருவிரலாம். பக்க நம்பர், பால்பாயின்ட் பேனா, தப்புனா ஒத்தக் கோடு, காலி எடத்துக்கு குறுக்கு கோடு, வேலைல பங்கில்லாத ஒருத்தர் படிச்சு பாத்து கையெழுத்து. வெண்டார்கிட்ட டிராயிங் போனா அவர்கிட்டயும் தேதியோட கையெழுத்து. ஓடாத டிரையலையும் எழுதணும், அதுக்குத்தான் பசங்க ரொம்ப கூச்சப்படுவாங்க.

போன வாரம் புதுசா சேந்த பையன் ஒரு தப்பு ரீடிங்கை ஒயிட்னர் போட்டு அழகா அழிச்சு வெச்சிருந்தான். ஏம்ப்பானு கேட்டா, "பக்கத்தையே கிழிச்சிட்டு நீட்டா எழுதிரட்டுங்களா சார்?"ங்கறான். ஒயிட்னரை வாங்கி என் டிராயர்ல போட்டு பூட்டிட்டேன்.