பதினாறு கிலோ வரவேண்டிய தகரம்

கொல்லையில் ஒரு ஷெட். பதினைந்தடி நீளம், பத்தடி அகலம், அவ்வளவுதான். வைகாசியில் ஆரம்பித்தது புரட்டாசியில் முடிந்தது. இத்தனை நாள் இழுக்கும் என்று தெரிந்திருந்தால், இருந்த தார்ப்பாயையே இன்னும் ஒரு வருசம் இழுத்துக் கட்டியிருப்பேன்.

எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம். பழைய கொட்டகை பனங்கால் நட்டுக் கல்நார் ஷீட் போட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது தென்னைகளோடு அதுவும் போனது. கால்கள் நட்டது நட்டபடி நின்றன, கூரையைத்தான் காணோம். மூன்றாம் நாள் ஒரு ஷீட்டை வாய்க்காலில் பார்த்தோம். அதனால் இந்தத் தடவை நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: காற்று தூக்கக் கூடாது. புயல் கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை, அடியில் புகுந்து தூக்குகிறது. ஆகவே கால்களுக்கு மூன்றடிக் குழி, கான்கிரீட், அதில் போல்ட். மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்து வைக்கும் வேலையே வேண்டாம், நாலு பக்கமும் அடைப்பு.

முதல் இடைஞ்சல் கரண்ட் வயர். நான் நினைத்த இடத்துக்கு நேர் மேலே வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் தொங்கியது. தகரக் கூரைக்கு மேல் அது இருக்கலாமா? மாற்றித்தரச் சொல்லி மின்வாரிய ஆபீசுக்கு மூன்று நடை. முதல் நாள் பார்க்க வேண்டியவர் இல்லை. இரண்டாம் நாள் வீட்டு வரி ரசீது கேட்டார்கள். மூன்றாம் நாள் ரசீதோடு போனால், இணைப்பு மாமனார் பேரில் இருக்கிறது, அவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். மாமனார் தவறி ஆறு வருசம் ஆகிறது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். வயரை நகர்த்துவதைவிட ஷெட்டை நகர்த்துவது சுலபம் என்று பட்டது. எட்டடி கிழக்கே தள்ளிக் குழி வெட்டச் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டு இணைப்பும் இன்னும் பெரியவர்கள் பேரில் இருந்தால் அந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

அடுத்தது போல்ட். ஒவ்வொரு காலுக்கும் அடியில் எட்டு அங்குலச் சதுரத்தில் ஒரு இரும்புத் தகடு, பேஸ் பிளேட் என்பார்கள், அதில் நாலு ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை ஆறு அங்குலம். கொத்தனார் அந்தக் கணக்கில் போல்ட்டைக் கான்கிரீட்டில் நட வேண்டும். நட்டார், கண்பார்வையில். "முப்பது வருசமா வேலை பார்க்கிறேன் தாயி" என்றார். பத்து நாள் தண்ணீர் ஊற்றி இறுகவிட்ட பிறகு வெல்டிங் பட்டறையிலிருந்து இரும்புக் கால்கள் வந்து இறங்கின. ஆறில் நாலு உட்கார்ந்தது. இரண்டில் போல்ட் விரற்கடை அளவு விலகி நின்றது. பட்டறைக்காரர் கொத்தனாரைச் சொல்ல, கொத்தனார் பிளேட்டைச் சொல்ல, கடைசியில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் ஓட்டையைப் பெரிசாக்கி வெல்டு வைத்துவிடலாம் என்பது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. காற்று பிடித்து இழுக்கப்போவதே அந்த இடத்தைத்தானே? இரண்டு குழியையும் உடைத்து மறுபடி போட்டோம். இந்தத் தடவை பிளேட்டின் மேல் ஒரு பலகையை வைத்து ஓட்டைகளைக் குறித்து, துளைபோட்டு, அந்தப் பலகையில் போல்ட்டை மாட்டியே கான்கிரீட்டில் இறக்கினோம். அரை மணி நேர வேலை. முதலிலேயே செய்திருந்தால் பதினைந்து நாளும் நாலு மூட்டை சிமெண்டும் மிச்சம்.

கால் நிறுத்தியது, கைமரம் மாதிரி குறுக்குப் பைப்புகள் வைத்தது, மூன்றடிக்குச் செங்கல் சுவர் எழுப்பியது எல்லாம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. வாட்டம் மட்டும் ஒரு சின்னப் பேச்சு. பத்தடிக்கு அரையடிச் சரிவு போதும் என்றார் பட்டறைக்காரர், நான் ஒரு அடி கேட்டு வாங்கினேன். தண்ணீர் எங்கள் பக்கமே விழ வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அடுத்த வீட்டுப் பெரியம்மாவோடு எனக்குச் சண்டை போட நேரமில்லை.

பிறகு தகரம் வந்தது.

பேசியது அரை எம்எம் கனத்தில் பெயிண்ட் அடித்த இரும்பு ஷீட், கலர் ஷீட் என்பார்கள், பன்னிரண்டடி நீளம், கூரைக்கு ஐந்து. வந்திறங்கியதைக் கையால் தட்டிப் பார்த்தேன். ஓசை எனக்குப் பிடிக்கவில்லை. பட்டறைக்காரரிடம் "அண்ணே, இது அரை எம்எம்தானா?" என்று கேட்டால், "அண்ணன்கிட்ட போன்ல பேசிக்கிறேன்க்கா" என்கிறார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். பணம் கொடுப்பது நான், குழிக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்பது நான், பேச்சு மட்டும் அண்ணனோடு. ராத்திரி அவரிடம் சொன்னேன். தகட்டில் வேலை பார்க்கிறவர், ஒரு வரியில் முடித்துவிட்டார்: "ஒரு சதுர மீட்டர் இரும்பு ஒரு எம்எம் கனத்துல 7.85 கிலோ. நீயே போட்டுப் பாரு."

போட்டேன். இந்த ஷீட்டை நெளிப்பதற்கு முன்னால் தட்டையாக இருக்கும்போது அகலம் 1.22 மீட்டர். பன்னிரண்டடி என்பது 3.66 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய நாலரைச் சதுர மீட்டர். முழு அரை எம்எம் இரும்பென்றால் பதினேழரைக் கிலோ. அரை எம்எம்மில் பெயிண்டும் மேல்பூச்சும் சேர்த்தி என்று வைத்தாலும் பதினாறுக்குக் குறையக் கூடாது.

எங்களிடம் கொப்பரை எடைபோடும் தராசு இருக்கிறது. பன்னிரண்டடித் தகரத்தை அதில் எப்படி வைப்பது? கொழுந்தன் மகனை ஏறி நிற்கச் சொன்னேன். 58 கிலோ. ஷீட்டைத் தலையில் கிடத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கச் சொன்னேன். இரண்டு முனையும் மீன் வால் மாதிரி ஆடின, எண்ணும் கூடவே ஆடியது. மூச்சைப் பிடித்து நின்றான். 70.9. அதாவது தகரம் 12 கிலோ 900. ஐந்தையும் போட்டுப் பார்த்தாயிற்று, ஐம்பது கிராம் இப்படி அப்படி. எல்லாமே பாயிண்ட் நாலு எம்எம் சரக்கு.

காலையில் பட்டறைக்காரரைத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து மறுபடி போட்டுக் காட்டினேன். கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றார். இருக்கலாம். நான்காம் நாள் வேறு ஷீட் வந்தது, பதினாறரை. அதற்குப் பிறகு போன் எனக்குத்தான் வந்தது. நீங்கள் செய்தால் முன்பணம் கொடுக்கும் சீட்டிலேயே கனத்தை எழுதி வாங்குங்கள். பெயிண்டைச் சேர்த்தா, வெறும் இரும்பா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றில்லை.

தராசில் ஜெயித்த மிதப்பில் ஸ்க்ரூவைக் கவனிக்காமல் விட்டேன். கூரையில் ஸ்க்ரூ ஷீட்டின் மேட்டில் ஏற வேண்டும், பள்ளத்தில் இல்லை. பள்ளம் தண்ணீர் ஓடும் வழி. வேலைக்கு வந்த பையன் சுவர்த் தகரத்துக்கு அடிக்கிற மாதிரியே கூரைக்கும் பள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிருக்கிறான். சில இடத்தில் ரப்பர் வாஷர் பிதுங்கி வெளியே வருமளவுக்கு முறுக்கியும் விட்டான். ஆவணியில் ஒரு சாயங்கால மழை. உள்ளே போய் நின்றால் வரிசையாகச் சொட்டு. எல்லாவற்றையும் கழற்றி மேட்டில் நீள ஸ்க்ரூ போட்டு, பழைய ஓட்டைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்தோம். ஒரு ஓட்டை மட்டும் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. அதற்குக் கீழே உரமூட்டை வைப்பதில்லை.

அதே பையன் சுவர்த் தகரத்தைக் கூரைமேலேயே போட்டு கிரைண்டரில் வெட்டினான். பறந்த பொறியெல்லாம் புதுப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரப் பனியில் மிளகுத்தூள் தூவியது மாதிரி துரு. தேய்த்துத் தொட்டுத் தொட்டுப் பெயிண்ட் அடித்தேன். வெட்டுவதாக இருந்தால் தள்ளி வைத்து, தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள்.

இப்போது உள்ளே மண்வெட்டி, மருந்தடிக்கிற டேங்க், புண்ணாக்கு, ஒரு பக்கம் முழுக்க மட்டை விறகு. யூரியாவைப் பலகை போட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன், தகரத்தில் பட்டால் அரித்துவிடும். கூரைத் தண்ணீர் விழும் பக்கம் பைப்பை இரண்டாகப் பிளந்தது மாதிரி ஒரு தொட்டி மாட்ட வேண்டியது மட்டும் பாக்கி. பட்டறைக்காரரைக் கேட்டால் "நாளைக்கு வந்துடுறேன்க்கா" என்கிறார். அவருக்குத் தர வேண்டிய எட்டாயிரம் என்னிடம்தான் இருக்கிறது.