வேலியோரத்தில் அமர்ந்திருப்பவர்கள்

மாலை வேளையில் எந்த விளையாட்டுத் திடலைக் கடந்தாலும், அங்கே யார் விளையாடவில்லை என்பதையே சில ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். நடுத்திடலில் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் பந்தோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அருகில் சின்னஞ்சிறு குழந்தைகளும் அவர்களை அழைத்து வந்த பெரியவர்களும் இருப்பார்கள். பன்னிரண்டு வயதை ஒட்டிய பெண்பிள்ளைகள் இருவர் மூவராக வேலியோரத்தில் அமர்ந்து சற்று நேரம் பேசிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை நான் பார்ப்பதே அரிது. வாசற்படியும் சக்கரம் புதையும் மணலும் அப்பிள்ளையை முன்னரே தடுத்துவிடுகின்றன.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு வரையிலான தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதத்தினர் போதிய அளவு இயங்கவில்லை என்று தெரிந்தது; ஆண்பிள்ளைகளில் இது 78 சதவீதம், பெண்பிள்ளைகளில் 85. இத்தகைய எண்கள் வெளிவரும்போதெல்லாம் பிள்ளைகளின் சோம்பலையும் கைபேசியையும் குறைசொல்கிறோம். விளையாட இடம் உண்டா, அங்கே போக வழி உண்டா, போனால் நடுவில் நிற்க விடுவார்களா என்ற கேள்விகளை அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வியன்னா நகரில் அப்படிக் கேட்டார்கள். 1990களில் அந்நகரின் பூங்காக்களை ஆராய்ந்தவர்கள், ஒன்பது வயதைக் கடந்ததும் அங்கு வரும் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடுவதைக் கண்டனர். இடத்துக்குப் போட்டி வரும்போது விட்டுக்கொடுத்து விலகியவர்கள் பெண்பிள்ளைகளே. உயர்ந்த கம்பிவலையால் சூழப்பட்ட பந்தாட்டக் களத்துக்கு ஒரே வாசல் இருந்தால், அதனருகே ஒரு கூட்டம் நின்றுவிட்டாலே போதும், மற்றவர்களுக்கு அது பூட்டிய கதவுதான். ஆகவே 1999 முதல் ஐன்சீட்லர் பூங்கா உள்ளிட்ட இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தபோது, நடைபாதைகளைச் சேர்த்தனர், பெரிய வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தனர், கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் ஒதுக்கினர். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தனர், தங்களுக்கான இடத்தில் விளையாடவும் செய்தனர். புதிதாக நிலம் வாங்காமலே இவ்வளவும் நடந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

திடலுக்குப் போகும் வழியும் அதே அளவு முக்கியமானது. இங்கிலாந்தில் 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதத்தினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர் என்றும், 1990இல் அது 9 சதவீதமாகச் சுருங்கியது என்றும் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் பதிவு செய்தனர். பெற்றோர் சொன்ன காரணங்களில் வாகனங்களைப் பற்றிய அச்சமே முன்னின்றது. நடந்து கடக்க முடியாத சாலை ஒன்று குறுக்கே ஓடினால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் திடலும் தொலைவாகிவிடுகிறது. அழைத்துப் போகப் பெரியவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரமே பிள்ளையின் விளையாட்டு நேரமாகிவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் எய்க் 1947 முதல் 1978 வரை 700க்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை வடிவமைத்தார். வீடுகளுக்கு இடையே வெறுமையாகக் கிடந்த மனைகளில் மணற்குழியும் சில கம்பிகளும் கற்களும் வைத்து அமைத்தவை அவற்றில் பல. வீட்டு வாசலிலிருந்து சில அடிகளில் எட்டிவிடக்கூடியவை என்பதால்தான் அவற்றை நான் இங்கே நினைவுகூர்கிறேன்.

வளரிளம் பருவத்தினரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. ஊஞ்சலுக்கு அவர்கள் பெரியவர்கள், கட்டணம் கட்டிச் சேரும் விளையாட்டு மன்றத்துக்கோ பணமில்லாதவர்கள். நல்ல மைதானம் உள்ள பள்ளிகள் பல, வகுப்பு முடிந்ததும் வாயிலைப் பூட்டிவிடுகின்றன. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாட்டைக் குழந்தைகளின் உரிமை என்கிறது. 18 வயது நிறையாத எல்லோரும் அந்த உடன்படிக்கையின்படி குழந்தைகளே.

ஒரு திடலைத் திருத்தியமைக்கும் பொறுப்பில் உள்ளவர்கள், வரைபடத்தை விரிப்பதற்கு முன் ஒரு வாரம் மாலைதோறும் அங்கே சென்று அமர்ந்து, எந்த வயதினர் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வேலியோரத்தில் இருப்பவர்களிடம் பேச வேண்டும். நான் ஒருமுறை பேசினேன். அந்தப் பெண்பிள்ளைகளின் பையிலும் ஒரு பந்து இருந்தது. பையன்கள் ஆடி முடிக்கும் நேரத்தில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள்.