ரேடியோவுல பளிச்சுனு எரியற பழைய குவேசார்கள்

குவேசார்னா, நடுவுல இருக்கற ராட்சச கருந்துளை வாயுவ விழுங்குறதால பயங்கரமா ஒளிர்ற ஒரு தூரத்து கேலக்ஸி மையம். 2021ல பி172+18னு ஒரு குவேசார் பத்தி செய்தி வந்துச்சு, அப்போலருந்தே ரேடியோ அலையில பிரகாசமா இருக்கற ரொம்ப தூரத்து குவேசார்கள தேடுறது மேல எனக்கு ஒரு தனி பித்து. சிம்ம ராசிப் பக்கம் இருக்கு, வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேரவே கிட்டத்தட்ட 1300 கோடி வருஷம், அதாவது பிரபஞ்சத்துக்கு வெறும் 78 கோடி வயசு ஆனப்போ கிளம்புனது. நடுவுல சூரியன மாதிரி 30 கோடி மடங்கு எடையில ஒரு கருந்துளை!

இதைவிட தூரத்து குவேசார்லாம் இருக்கு. ஆனா ரேடியோவுல நல்லா பிரகாசிக்கறது பத்துல ஒண்ணு தான், அதான் இதுக்கு இவ்ளோ மவுசு.

எப்படி தேடுறாங்கன்னா, அவ்ளோ தூரத்துலருந்து வர்ற வெளிச்சம் வழியிலயே நீண்டு போயிடும், 121.6 நானோமீட்டர்ல இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு 950 கிட்ட அகச்சிவப்புல வந்து நிக்கும், அதுக்கு கீழ உள்ளத எல்லாம் நடுவுல கிடக்குற ஹைட்ரஜன் முழுங்கிடும். அதனால ஒரு ஃபில்டர்ல புள்ளி தெரியும், அடுத்த ஃபில்டர்ல சுத்தமா காணோம். சிக்கல் என்னன்னா நம்ம கேலக்ஸியிலயே இருக்கற பழுப்புக் குள்ளன்களும் (நட்சத்திரமாக முடியாம போன மங்கலான சின்ன பொருட்கள்) அச்சு அசலா இப்படித்தான் தெரியும், எண்ணிக்கையிலயும் அதுங்கதான் ரொம்ப ஜாஸ்தி. இங்கதான் ரேடியோ கை கொடுக்குது, ஏன்னா குள்ளன்கள் பெரும்பாலும் ரேடியோவுல தெரியாது. நியூ மெக்ஸிகோவுல இருக்கற விஎல்ஏங்கற ரேடியோ டெலஸ்கோப் எடுத்த ரேடியோ மேப்போட ஒப்பிட்டுப் பாத்தா குள்ளன்ல பெரும்பாலானது கழண்டுக்கும், மிச்சத்த சிலியில இருக்கற மெகல்லன் மாதிரி பெரிய டெலஸ்கோப்ல ஸ்பெக்ட்ரம் எடுத்து, அதாவது வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சுப் பாத்து, உறுதி பண்ணலாம்.

2024 கடைசில இன்னொண்ணு வந்துச்சு, ஜே0410-0139, ரெட்ஷிஃப்ட் 7 (வெளிச்சம் எவ்ளோ நீண்டிருக்குங்கற அளவு, எண் கூடக்கூட தூரமும் கூடும்). இது பிளேசார், அதாவது கருந்துளைப் பக்கத்துலருந்து பீய்ச்சி அடிக்கற ஜெட் நேரா நம்மளப் பாத்து இருக்கற குவேசார். எனக்கு தூக்கம் கெட்டதே இதனாலதான், ஏன்னா ஜெட் குறுகலானது, ஒண்ணு தற்செயலா நம்ம பக்கம் திரும்பியிருக்குன்னா வேற வேற திசையப் பாத்துக்கிட்டு அதே காலத்துல நூத்துக்கணக்குல இருந்தாகணும். அதுங்கள்லாம் எங்க?

கிடைச்சா லாபம் பெருசு. முதல் நட்சத்திரங்கள் வந்த காலத்துல மிச்சமிருந்த ஹைட்ரஜன் 21 செ.மீ. அலையில ரேடியோவ உறிஞ்சும், ஆனா அந்த உறிஞ்சல் தெரியணும்னா பின்னாடி பிரகாசமா ஒரு ரேடியோ மூலம் வேணும்ல? ரெட்ஷிஃப்ட் 7ல அந்த அலை நமக்கு 177 மெகாஹெர்ட்ஸ் கிட்ட வரும், மேற்கு ஆஸ்திரேலியாவுல கட்டிக்கிட்டு இருக்கற எஸ்கேஏ-லோங்கற ரேடியோ டெலஸ்கோப் கேக்கப் போற அலைவரிசைக்குள்ளதான் இது வருது. அது ஓடத் தொடங்குறதுக்குள்ள எந்தப் பக்கம் திருப்பணும்ங்கற லிஸ்ட் கையில இருக்கணும், இப்போதைக்கு ரெட்ஷிஃப்ட் 6ஐத் தாண்டி அந்த லிஸ்ட் ரொம்பவே சின்னது.