லிங்கிச் செட்டித் தெரு, இரண்டாவது மாடி

2025 ஜூன் 9, திங்கள்

வக்கீல் ஆபீஸுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். லிஃப்ட் இல்லாத மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. என்னைத் தாண்டிப் போய் ஜூனியர் பையனைக் கும்பிட்டார். பையன் கூச்சத்தோடு என் பக்கம் கை காட்டினான்.

"பெரியவரு எப்ப வருவாருங்க அம்மிணி?"

"நான்தாங்க பெரியவரு." காபி சொன்னேன்.

2022 மார்ச், ஏப்ரலில் சென்னை ஜவுளி வியாபாரி ஒருவருக்கு டி-ஷர்ட் அனுப்பியிருக்கிறார். 30 நாள் கடன். பாக்கி 1 கோடியே 38 லட்சம். சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆனால் இவர் சிறுதொழில் என்று அரசிடம் உத்யம் பதிவு செய்ததே சரக்குப் போன பிறகுதான். அந்த வழியில் போனால் பதிவைப் பற்றிய சண்டையே வருஷக்கணக்கில் ஓடும்.

சிவில் வழக்கு என்றால் 3 வருஷக் கெடு. கடைசி பில்லுக்கும் அது போன மாதமே முடிந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு வக்கீல்கள் காலாவதி என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கணக்கு சரிதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. துணிப்பையை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

ஜூன் 11, புதன்

இரவு பதினொன்றரை. பையைக் கொட்டி முடித்தாயிற்று. இன்வாய்ஸ், இ-வே பில், லாரி ரசீது, வாட்ஸ்அப் பேச்சின் அச்சுப்பிரதிகள். வழக்கமாக வக்கீல்கள் பில்லில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு வேறொரு பழக்கம் உண்டு.

விருதுநகரில் அப்பாவுக்கு வத்தல் மண்டி. பரீட்சை லீவு விட்டதும் எனக்கு ஒரே வேலைதான். பேரேட்டைப் பார்த்து, மார்ச் 31 தேதியில் யார் எவ்வளவு தரவேண்டும் என்று ஒவ்வொரு கடைக்கும் கடிதம் எழுதணும். அடியில் 'மேற்படி பாக்கி சரி' என்று ஒரு வரி. கணக்குப்பிள்ளை தாத்தா சைக்கிளில் போய்க் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்கி வருவார். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அப்பா திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆகவே ஆடிட்டர் கோப்பைத்தான் முதலில் தேடினேன். பையின் அடியில், ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தது. 2023 மார்ச் 31 தேதிப்படி பாக்கி ரூ.1,38,20,400. கீழே ஜவுளிக்கடையின் ஊதா முத்திரை, பங்குதாரர் கையெழுத்து, தேதி 2023 ஏப்ரல் 18. கெடு முடிவதற்குள் கடனைக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், காலவரம்புச் சட்டம் 18-ஆம் பிரிவுப்படி அன்றிலிருந்து புதிதாக 3 வருஷம். 2026 ஏப்ரல் வரை நேரமிருக்கிறது.

அப்பாவுக்கு உடனே போன் போடத் தோன்றியது. ஒன்பது மணிக்கே தூங்கிவிடும் மனிதர், விட்டுவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒரு சட்டக் கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு 'வணிகச் சட்டத்தில் சாதித்த பெண்'. 'சாதித்த' என்பதை எடுத்துவிடச் சொன்னேன். பதினோரு வருஷ வக்கீல், பாதி வாடகை பங்கு போட்டுக் கொடுக்கிறவள், என்னத்தைச் சாதித்தேன்?

பேச்சுக்குக் குறிப்பு எடுத்தேன். 1916-இல் ரெஜினா குஹா வக்கீலாகப் பதிவு கேட்டதற்குக் கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. 1921-இல் சுதாங்சுபாலா ஹஸ்ராவுக்குப் பாட்னாவில் அதே பதில். 1923-இல்தான் பெண் என்பதற்காகத் தடுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. எழுதியதைப் பார்த்தால் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "கோர்ட்ல குரலை மாத்திக்கணுமா மேடம்?"

நான் மாற்றிக்கொண்டேன் என்பதுதான் உண்மை. முதல் நான்கு வருஷம் என் சீனியரின் குரலில்தான் பேசினேன். அதே கனைப்பு, மேசையில் அதே தட்டல். அவருக்கு எடுபட்டது என் வாயிலிருந்து வந்தபோது, எதிர்த்தரப்பு வக்கீல் தலையைக் குனிந்து சிரித்தார். சீனியர் நல்ல மனுஷன்தான். ஆனால் குடும்ப நல வழக்கு வந்தால் கேஸ் கட்டு என் மேசைக்கு வரும், ஒப்பந்த வழக்கு பையன்களுக்குப் போகும். "உனக்கு அதும்மா வசதி" என்பார். யாருக்கு வசதி என்று கேட்க எனக்கு ஐந்து வருஷம் ஆனது. கேட்ட அன்றைக்கு அவர் சண்டை போடவில்லை, ஒரு கட்டுமான ஒப்பந்தக் கட்டைத் தூக்கிக் கொடுத்தார். 900 பக்கம்.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "மெதுவா பேசு, பக்க எண்ணைச் சரியா சொல்லு, ஜட்ஜ் அந்தப் பக்கத்தைத் திருப்புற வரைக்கும் பேசாம நில்லு" என்றேன். அவள் முகத்தில் ஏமாற்றம்.

ஜூலை 24, வியாழன்

அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வணிக வழக்கில், தாக்கல் செய்யும் முன் சமரசத்துக்குப் போயே தீரவேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போனோம். எதிர்த்தரப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சமரசம் தொடங்கவில்லை என்று அறிக்கை வாங்கியாயிற்று.

இன்றைய சண்டை என் கட்சிக்காரரோடு. ஜவுளிக்கடை 2023 மே மாதம் அனுப்பிய டெபிட் நோட் ஒன்று பையில் இருந்தது. ஒரு லாட்டில் ஷேடு மாறிவிட்டதாக ரூ.4,12,000 பிடித்தம். மாறியது நிஜம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

"அதைய எதுக்குங்க நாமளே காட்டோணும்? கெடக்கட்டுமுங்க."

வணிக வழக்கில் வழக்காளி கையில் இருக்கும் ஆவணம் எல்லாவற்றையும் காட்டிவிட்டதாக உண்மை அறிக்கையில் சத்தியம் செய்கிறார். நாளைக்கு அவர்கள் அதன் நகலை நீட்டினால், என் ஊதா முத்திரைக் கடிதத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். இதைச் சொன்னேன். அந்தத் தொகையைக் கழித்துத்தான் கேட்பேன், முடியாதென்றால் கேஸ் கட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். சொல்லும்போது வயிற்றைக் கலக்கியது. இந்த மாத வாடகையே அவர் கொடுத்த அட்வான்ஸில்தான் போனது.

"பெரிய வக்கீலா இருந்தா இப்படிச் சொல்லுவாங்களா?" என்றபடி எழுந்து போய்விட்டார்.

ஜூலை 28, திங்கள்

போன் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வந்துவிட்டார். நடுவில் அவருடைய ஆடிட்டரைப் பார்த்தாராம். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கையில் ஒரு டப்பா மைசூர்பாகு.

வழக்குரையின் பக்கம் ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து வேண்டும். முழுப் பெயரையும் தமிழில், எழுத்து எழுத்தாகப் போடுகிறார். டெபிட் நோட் பத்தி வந்ததும் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு தடவை படித்தார். போட்டார்.

அதற்கு இரண்டு பக்கம் தள்ளி மை தீர்ந்துவிட்டது. ஜூனியர் தன் பேனாவைக் கொடுத்தான். அடுத்த கையெழுத்தை முந்தினதோடு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஷேடு மாறிப்போச்சுங்களே, அம்மிணி."