வியாழக்கிழமை வராத டீச்சர்

ஆசிரியர் தின விழாவுக்கு யார் பொறுப்பு என்று மீட்டிங்கில் கேட்டால் எல்லோரும் தமிழாசிரியரைத்தான் பார்ப்பார்கள். 2019இல் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்களுடையது அரசு உயர்நிலைப் பள்ளி. காலாண்டுத் தேர்வு நெருங்குவதால் கடைசி இரண்டு பீரியட்தான் தர முடியும் என்றார் ஹெச்.எம். சரி, அது போதும்.

முதல் வேலையாக, பிள்ளைகளிடம் காசு வாங்கக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். ஆளுக்குப் பத்து ரூபாய் என்று பத்தாம் வகுப்பு லீடர் அதற்குள் நோட்டில் எழுத ஆரம்பித்திருந்தான். பத்து ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் அதைக் கொடுக்க முடியாத பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும். இதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். பேனா, துண்டு செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஏற்றுக்கொண்டார். "எத்தனை பேர் சார்?" என்று கேட்டார். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் புரட்டி எண்ணிச் சொன்னேன். பதினான்கு பேர்.

விழாவுக்கு முந்தின நாள், புதன்கிழமை மாலை. மேடைக்குக் கரும்பலகையில் ராதாகிருஷ்ணன் படம் வரைய வேண்டும் என்று ஓவிய டீச்சரிடம் கேட்டிருந்தேன். அவர் பகுதிநேர ஆசிரியர். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 2012இல் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்களே, அந்த அணியில் வந்தவர். வாரத்துக்கு மூன்று அரை நாள்தான் வேலை. எங்கள் பள்ளிக்குத் திங்கள், செவ்வாய், புதன் வருவார். கையெழுத்துப் போடுவதும் தனி நோட்டில்.

அவருடைய நேரம் மதியமே முடிந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் இருந்து வரைந்தார். கலர் சாக்பீஸை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி முக்கித் தீட்டினார். ஈரமாக இருக்கும்போது நிறம் மங்கலாகத் தெரியும், காய்ந்ததும் பளிச்சென்று எழும்பும் என்றார். தலைப்பாகையின் மடிப்புக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. வெள்ளையைத் தீட்டிவிட்டு, மடிப்பு விழும் இடத்தை மோதிர விரலால் லேசாகத் துடைத்து எடுப்பார். துணி அப்படியே சுருண்டு நிற்கும். ஏழெட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று வாய் பிளந்து பார்த்தார்கள்.

மறுநாள் விழா நன்றாகவே நடந்தது. புடவை கட்டி வந்த பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ராதாகிருஷ்ணனைப் பற்றிப் பேசினாள். 1888இல் திருத்தணியில் பிறந்தது, 1921இல் மைசூரிலிருந்து கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது மாணவர்கள் பூவால் அலங்கரித்த வண்டியில் அவரை உட்கார வைத்துத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனது, எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாள். அப்புறம் நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, பிள்ளைகள் துண்டு போர்த்திப் பேனா கொடுத்தார்கள். பதினான்காவது பெயரும் முடிந்தது. முன் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், ஓவிய டீச்சர் பேரு?" என்றான்.

என் பின்னால் அந்தப் படம் இருந்தது. நன்றாகக் காய்ந்து, பளிச்சென்று.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை அவருக்குப் பள்ளி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவரை வாருங்கள் என்று நான் கூப்பிடவே இல்லையே. பதிவேட்டை எண்ணும்போதும் அவர் முகம் என் நினைவுக்கு வரவில்லை. எண்ணிய மறுநாளே அவரிடம் படம் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை பேனாவும் துண்டும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தபோது, "பரவாயில்ல சார், எனக்குத்தான் அன்னிக்கு ஸ்கூல் இல்லையே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அந்தக் கலர் சாக்பீஸும் அவர் சொந்தக் காசில் வாங்கியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த இரண்டு வருடம் கொரோனாவில் விழா இல்லை. 2022இல் மறுபடி என்னிடமே பொறுப்பு வந்தபோது பதிவேட்டைத் தொடவில்லை. வகுப்புக்கு ஒரு தாள் கொடுத்து, "இந்தப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு யார் யார் சொல்லித் தருகிறார்கள், பார்த்துக்கொள்கிறார்கள்? எழுதுங்கள்" என்றேன். பட்டியலில் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். சத்துணவு அமைப்பாளர், சமையல் அம்மா, கழிவறை சுத்தம் செய்பவர், இரவுக் காவலர் எல்லோரும் இருந்தார்கள். சமையல் அம்மாவை எல்லாத் தாளிலும் "ஆயாம்மா" என்றே எழுதியிருந்தார்கள். அழைப்பிதழில் போட அவர் பெயர் வேண்டுமே. ஆசிரியர்கள் யாருக்கும் தெரியவில்லை. சமையலறைக்குப் போய் நானே கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

அந்த வருடம் செப்டம்பர் 5 திங்கட்கிழமை. இரண்டு பெட்டி கலர் சாக்பீஸ் பள்ளிக் கணக்கில் வாங்கினோம். படத்தைப் பிள்ளைகளே வரைந்தார்கள். ஓவிய டீச்சருக்கு மேடையில் நாற்காலி. விழா தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் மெதுவாக எழுந்து கரும்பலகைப் பக்கம் போனார். தலைப்பாகையில் ஒரு மடிப்பை மோதிர விரலால் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.