லூர்து மாதாவிடம் அம்மா தீர்த்த நேர்ச்சை

எனக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு, திருச்சியில் ஒரு மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தபோது, அம்மா தெப்பக்குளத்தருகே உள்ள லூர்து அன்னை ஆலயத்தில் முழந்தாளிட்டு, பிள்ளையைத் திருப்பித் தந்தால் உன் ஊற்றுக்கே கூட்டி வந்து நன்றி சொல்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சையை நம்பியிருந்த குடும்பத்துக்கு, லூர்து ஊற்று இருக்கும் பிரான்சு தேசம் நினைத்தும் பார்க்க முடியாத தூரம். 41 ஆண்டுகள் அந்தக் கடனை அம்மா நெஞ்சில் சுமந்தார்.

முந்தின ஆண்டு சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தைத் தொடாமல் வைத்திருந்து, பங்குத்தந்தையோடு 22 பேர் செல்லும் திருப்பயணத்தில் பெயர் கொடுத்தோம். பிப்ரவரி 11, 1858இல் மாதா முதன்முதலாகக் காட்சி தந்த அதே நாளில், அவர் தோன்றிய பாறைக் குகையான கெபியின் முன் நிற்க வேண்டும் என்பதே அம்மாவின் ஆசை. ஆனால் விசா வரவில்லை. நேர்காணல் தேதியை முன்னதாக வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்ட தரகர்கள் ஒருபுறம், நாளை வரும் என்பதையே மூன்று வாரம் சொன்ன பயண முகவர் மறுபுறம். புனிதப் பயணம் போகிறவர்களின் அவசரத்தில் காசு பார்ப்பது பாவம் என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த நாட்களில் மாலைதோறும் எங்கள் பக்கத்துப் பூண்டி மாதா கோவிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவோம். புறப்படுவதற்கு முந்தின நாள் மாலையில்தான் கடவுச்சீட்டுகள் கைக்கு வந்தன.

அத்துடன் சோதனை முடியவில்லை. 9ஆம் தேதி விடியலில் திருச்சியில் பனிமூட்டம். விமானம் மூன்று மணி நேரம் தாமதம். சென்னையிலிருந்து செல்லும் விமானத்துக்குத் தனியாகச் சீட்டு எடுத்திருந்ததால், அது எங்களை விட்டுவிட்டுப் பறந்த பிறகு பொறுப்பேற்க யாரும் இல்லை. ஒரே பயணச்சீட்டாக எடுத்திருந்தால் அடுத்த விமானத்தில் அவர்களே இடம் தந்திருப்பார்கள் என்பதைப் பங்குத்தந்தையும் நாங்களும் அங்கேதான் கற்றுக்கொண்டோம். வேறு விமானத்துக்குப் பணம் கட்டி, 19 மணி நேரம் காத்திருந்தோம். சர்க்கரை மாத்திரையும் எலுமிச்சைச் சோறும் கைப்பையில் இருந்தது மாதாவின் கருணை. பெரிய பெட்டியில் வைத்திருந்தால் அம்மாவின் நிலை என்னவாகியிருக்கும்!

நள்ளிரவில் எல்லோரும் சலித்துப்போய், திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒருவர் முணுமுணுத்தபோது, அம்மா நாற்காலியில் இருந்தபடியே ஜெபமாலையை எடுத்து, இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துக்க தேவ இரகசியங்களைத் தொடங்கினார். முதல் பத்து மணிகள் முடிவதற்குள் 22 குரல்களும் சேர்ந்துகொண்டன. அதன் பிறகு யாரும் ஊர் திரும்புவதைப் பற்றிப் பேசவில்லை.

பாரிசில் இறங்குவதற்குள் எங்கள் ரயிலும் போய்விட்டது. ஓர் இரவு அங்கே தங்கி, மறுநாள் வேறு ரயிலில் ஏறி, 11ஆம் தேதி இருட்டிய பிறகு லூர்து போய்ச் சேர்ந்தோம். காலைத் திருப்பலி கிடைக்கவில்லை. தூறலில், ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே இடித்து முந்துகிறவர்களுக்கு நடுவில், ஒரு மணி நேரம் வரிசையில் நகர்ந்தோம். விறகு பொறுக்க வந்த 14 வயதுப் பெர்னதெத்துக்கு அந்தப் பாறையில்தான் மாதா காட்சி கொடுத்தார் என்று நான் மெல்லச் சொன்னபோது, சிறுமியாகக் கொள்ளிடக் கரையில் சுள்ளி பொறுக்கிய அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்குக் கீழே வெளிச்சத்தில் ஊற்றுநீர் தெரிந்தது. எத்தனையோ கைகள் பட்டு வழவழத்துப்போன, ஈரம் கசியும் அந்தப் பாறையில் அம்மா நெற்றியை வைத்தார். வழியெல்லாம் மன்றாட்டுகளை வரிசையாக எழுதி வைத்திருந்த தாளை அவர் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. “மாதாவே, வந்துட்டேன். பிள்ளையைக் கூட்டியாந்துட்டேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு என் வலக்கையை எடுத்து, தன் கையோடு சேர்த்துப் பாறையில் வைத்தார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். எனக்குக் கால் எழவில்லை. அடுத்த மூன்று நாட்களில் பார்த்த பேராலயங்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஈரப் பாறையைத் தவிர வேறொன்றும் வர மறுக்கிறது. உயிரைத் தந்தவளே, என் தாயின் வாக்கைக் காப்பாற்றியவளே, உமக்குக் கோடி தோத்திரம்.